பால் மரமும் செல் சவ்வும்: எது உள்ளே போகும், எது நிற்கும்?

பால் மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, பால் வடிக்க ஏன் விடிவதற்கு முன்னாலேயே வெட்டப் போகிறார்கள்? மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "வெயில் ஏறினா பால் இறங்காது." அனுபவத்தில் அது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஏன் இறங்காது என்று அடுத்த கேள்வியைப் போட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதற்கான பதில் நான்காம் படிவ உயிரியல் புத்தகத்தில் இருக்கிறது. அதுவும் பிள்ளைகள் மனப்பாடம் செய்து, எஸ்பிஎம் தேர்வு முடிந்த கையோடு மறந்துவிடும் ஒரு பாடத்தில்: செல் சவ்வைக் கடந்து பொருள்கள் எப்படிப் போய் வருகின்றன என்ற பாடம்.

டியூஷனில் இதை நடத்தும்போது நான் வெங்காயத் தோலை ஓரமாக வைத்துவிட்டுப் பால் மரத்தில் இருந்துதான் தொடங்குவேன். சுற்றிலும் இப்போது செம்பனைதான் அதிகம் என்றாலும், பால் மரத்தைப் பார்க்காத பிள்ளை இங்கே இல்லை. பக்கத்துக் கோலகங்சாரில் 1877-ல் நட்ட கன்றுகளில் ஒன்று என்று சொல்லப்படும் மரமே இன்னும் நிற்கிறது. பாடத்தில் உள்ள எல்லா வழிகளும் அந்த ஒரே மரத்தின் பட்டைக்குள் நடக்கின்றன.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல் சவ்வைத் தடுப்புச் சுவர் என்று நினைத்துப் படித்தால் பாடம் பாதியில் சிக்கிக்கொள்ளும். உள்ளே ஒரு அளவு, வெளியே வேறொரு அளவு என்ற வித்தியாசத்தை விடாமல் காப்பாற்றுவதுதான் சவ்வின் தொழில். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் செல் தன் காரியங்களை எல்லாம் நடத்திக்கொள்கிறது. இரண்டு பக்கமும் முழுக்கச் சமமாகிவிட்டால் செல் செத்துவிட்டது என்று பொருள்.

கொழுப்பால் ஆன எல்லை

செல் சவ்வின் கனம் ஏழெட்டு நானோமீட்டர். ஒரு சாதாரணக் காகிதத்தின் கனம் வர வேண்டுமானால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அதற்கு அடிப்படை கொழுப்புதான், ஆனால் சமையலுக்கு ஊற்றும் பாமாயில் மாதிரிக் கொழுப்பு இல்லை. பாமாயில் மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமில வால்கள் உண்டு. மூன்றுமே தண்ணீரோடு ஒட்டாதவை. சவ்வில் இருக்கும் பாஸ்போலிப்பிட்டுக்கு வால் இரண்டுதான். மூன்றாவது வால் இருக்க வேண்டிய இடத்தில் பாஸ்பேட் சேர்ந்த ஒரு தலை இருக்கிறது. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. இப்படிப்பட்ட மூலக்கூறுகளைத் தண்ணீரில் விட்டால் யாரும் அடுக்காமலே இரண்டு வரிசையாக அமைந்துகொள்ளும்: தலைகள் இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்தபடி, வால்கள் நடுவில் ஒன்றுக்கொன்று எதிராக.

இரண்டு வரிசை என்பதை 1925-ல் நெதர்லாந்தில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீர்மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பி அளந்தபோது, அந்த அணுக்களின் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு வந்தது. பிற்பாடு பார்த்தால் அவர்கள் கணக்கில் இரண்டு பிழைகள் இருந்தன: கொழுப்பு முழுதாக வரவில்லை, அணுவின் பரப்பையும் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். ஒன்றை ஒன்று சரிக்கட்டி விடை மட்டும் சரியாக வந்துவிட்டது! அப்புறம் 1972-ல் சிங்கர், நிக்கல்சன் இருவரும் இந்தக் கொழுப்புப் படலம் உறைந்து நிற்பதில்லை, அதில் புரதங்கள் மிதந்து நகர்கின்றன என்ற படத்தை முன்வைத்தார்கள். இன்று புத்தகத்தில் பிள்ளைகள் வரைவது அந்தப் படத்தைத்தான்.

யார் கடக்கலாம், யார் கடக்க முடியாது என்பதை நடுவில் இருக்கும் வால்களின் பகுதிதான் தீர்மானிக்கிறது. ஆக்சிஜனும் கார்பன் டையாக்சைடும் யாரையும் கேட்காமல் போய் வரும். ஆல்கஹாலும் அப்படித்தான். சாராயம் மூளைக்கு அவ்வளவு சீக்கிரம் ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். குளுக்கோஸ் கிட்டத்தட்ட நின்றே போகும். சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள் அளவில் பொடியவைதான், ஆனால் மின்னேற்றம் உள்ளவை. தண்ணீர் மூலக்கூறுகளைச் சுற்றிலும் இழுத்து வைத்துக்கொண்டே திரிபவை. அந்தத் தண்ணீரை உதறிவிட்டுக் கொழுப்புக்குள் நுழைய அவற்றுக்கு வழியே இல்லை.

தேர்வில் 'சின்னது போகும், பெரியது போகாது' என்று ஒற்றை வரியில் எழுதுகிறவர்கள் இங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறார்கள். கார்ட்டிசால் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்கள் எடையில் குளுக்கோஸைப்போல இரண்டு மடங்கு. ஆனால் கொழுப்பில் கரையும் என்பதால் சுலபமாக உள்ளே போய்விடும். சோடியம் அயனி அதைவிட எவ்வளவோ சின்னது, ஆனாலும் நின்றுவிடும்.

யாரும் தள்ளாமல் நகர்வது

"டீச்சர், உள்ளே குறைவா இருக்குன்னு ஆக்சிஜனுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. "அதுக்கு ஒண்ணுமே தெரியாதுப்பா" என்பதுதான் பதில்.

ஒவ்வொரு மூலக்கூறும் கண்ட திசையில் முட்டி மோதி அலைந்துகொண்டே இருக்கிறது. சவ்வுக்கு வெளியே 1,000 மூலக்கூறுகள், உள்ளே 100 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடிப்பொழுதில் நூற்றில் ஒன்று தற்செயலாக மறுபக்கம் போகிறது என்றால், வெளியில் இருந்து 10 உள்ளே வரும், உள்ளே இருந்து 1 வெளியே போகும். மொத்தத்தில் 9 உள்ளே வந்திருக்கும். யாரும் இழுக்கவில்லை, தள்ளவில்லை. கூட்டம் அதிகமாக இருக்கும் பக்கத்தில் இருந்து அதிகம் பேர் வருகிறார்கள், அவ்வளவுதான். இதுதான் பரவல். செறிவு அதிகமான பக்கத்தில் இருந்து குறைவான பக்கத்துக்கு நகர்வது, செல்லுக்குச் செலவே இல்லாமல். இரண்டு பக்கமும் 550 ஆனபிறகும் போக்குவரத்து நிற்பதில்லை. போகிறதும் வருகிறதும் சமமாகிவிடும். 'சமமானதும் மூலக்கூறுகள் நின்றுவிடும்' என்று எழுதினால் தப்பு.

பரவலுக்கு ஒரு பெரிய குறை, தூரம். சிறிய மூலக்கூறு ஒன்று தண்ணீரில் ஒரு செல்லின் அகலத்தை, அதாவது சுமார் 10 மைக்ரோமீட்டரைக் கடக்க ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். அதே மூலக்கூறு ஒரு சென்டிமீட்டர் போக அரை நாளுக்கு மேல் ஆகும். தூரம் 1,000 மடங்கு கூடினால் நேரம் 10 லட்சம் மடங்கு கூடுகிறது. செல்கள் இவ்வளவு சின்னதாக இருப்பதற்கும், நமக்கு ரத்த ஓட்டம் என்று ஒன்று தேவைப்படுவதற்கும் இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

தண்ணீரின் போக்கு

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அட்டை புதிதில்லை. கடித்த அட்டைமேல் உப்பைப் போட்டால் அது சுருண்டு, சளிபோல் நீர்விட்டு விழுந்துவிடும். உப்பு அதன் ஈர உடம்பின் மேல் கரைந்து கெட்டியான உப்புநீராகிறது. உப்பு சட்டென்று செல்லுக்குள் நுழைய முடியாது, ஆனால் தண்ணீர் வெளியே வர முடியும். தண்ணீர் அதிகமாக இருக்கும் பக்கம், அதாவது அட்டையின் உடம்பில் இருந்து, தண்ணீர் குறைவான உப்புநீருக்குப் போகிறது. ஆஸ்மோசிஸ் என்பது இவ்வளவுதான்: கரைபொருள் கடக்க முடியாதபோது தண்ணீர் கடந்து போவது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு உருளைக்கிழங்கை விரல் நீளத்துக்கு, ஒரே அளவில் சீவல்களாக வெட்டுங்கள். ஒரு கிளாஸில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் இரண்டு கரண்டி உப்புக் கரைத்த தண்ணீர். சில சீவல்களை இதில், சிலவற்றை அதில் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். எடுத்துப் பார்த்தால் வெறும் தண்ணீரில் கிடந்தது விறைப்பாக நிற்கும், வளைத்தால் டப்பென்று ஒடியும். உப்புநீரில் கிடந்தது துவண்டு, ஒடியாமல் வளையும். ஸ்கேலில் அளந்தால் நீளமும் கொஞ்சம் குறைந்திருக்கும். முதல் கிளாஸில் இருந்தது ஹைப்போடோனிக் கரைசல் (செல்லைவிடக் கரைபொருள் குறைவு), இரண்டாவதில் ஹைப்பர்டோனிக் (செல்லைவிட அதிகம்). செல்லுக்குள் இருக்கும் அதே அளவு கரைசலாக இருந்தால் ஐசோடோனிக். ஆஸ்பத்திரியில் ஏற்றும் 0.9 விழுக்காட்டு உப்புநீர் நம் ரத்தத்துக்கு ஐசோடோனிக்.

சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் உப்பி வெடித்துவிடும். கிழங்கின் செல் வெடிக்காது, ஏனென்றால் சவ்வுக்கு வெளியே செல்லுலோஸ் சுவர் இருக்கிறது. தண்ணீர் உள்ளே நுழைய நுழைய சவ்வு சுவரை அழுத்தும், சுவர் திருப்பி அழுத்தும். உள்ளே அழுத்தம் ஏறும். இந்த அழுத்தத்துக்கு விறைப்பழுத்தம் என்று பெயர். கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்பது இதனால்தான்.

சரி, இப்போது பால் மரத்துக்கு வருவோம்.

பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் இருக்கின்றன. வரிசையாக நின்ற செல்களுக்கு இடையே இருந்த குறுக்குச்சுவர்கள் கரைந்து போய் உருவான குழாய்கள் அவை. ஆகவே மங்கில், அதாவது பாலைப் பிடிக்கும் கிண்ணத்தில், விழும் பால் ஏதோ சுரந்து வெளியே வந்த நீர் இல்லை, செல்லின் உள்சரக்கே அதுதான். சவ்வுக்கு உள்ளே இருக்க வேண்டியதை நாம் வெட்டி ஊற்றிக்கொள்கிறோம். குழாய்கள் நேராக மேலேறாமல் கொஞ்சம் சாய்ந்து சுற்றிப் போவதால்தான் வெட்டை இடப்பக்கம் உயர்த்தி வலப்பக்கம் தாழ்த்திப் போடுகிறார்கள். அப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும்.

அந்தக் குழாய்க்குள் எவ்வளவு அழுத்தம் தெரியுமா? 1964-ல் பட்டரி, போட்மன் என்ற இருவர் பால் மரத்தில் அளந்து 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். விடியற்காலையில் 10 முதல் 15 வளிமண்டல அழுத்தம் வரை இருக்கிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டரைக்குள்தான். இவ்வளவு அழுத்தமும் தண்ணீர் சவ்வைக் கடந்து உள்ளே போனதால் வந்தது. குழாய்க்குள் சர்க்கரையும் அயனிகளும் இன்னபிறவும் கரைந்து கிடப்பதால் தண்ணீர் அங்கே வரப் பார்க்கிறது.

ராத்திரியில் இலைத்துளைகள் மூடியிருக்கும். வேர் உறிஞ்சும் தண்ணீர் இலை வழியாக அவ்வளவாக ஆவியாவதில்லை, மரம் முழுக்க நிரம்பி நிற்கிறது. பால்குழாயும் நிரம்புகிறது. வெயில் ஏறியதும் இலைகள் தண்ணீரை ஆவியாக விடத் தொடங்கும். தண்டில் ஓடும் தண்ணீர் மேல்நோக்கி இழுபடும். அந்த இழுப்பு பட்டையில் இருக்கும் செல்களில் இருந்தும் தண்ணீரை வெளியே எடுக்கும். பால்குழாயின் அழுத்தம் இறங்கிவிடும். நடுப்பகலில் வெட்டினாலும் பால் வரும், ஆனால் தள்ளுவதற்கு ஆள் இல்லாத மாதிரி மெதுவாக, கொஞ்சமாக வரும். ஐந்து மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு (மர வரிசைக்கு) போனதெல்லாம் இந்த அழுத்தத்தைப் பிடிப்பதற்காகத்தான்.

வெட்டிய உடனே என்ன நடக்கிறது என்பது இன்னும் சுவாரசியமானது. கத்தி பட்ட கணத்தில் குழாயின் அழுத்தம் சரிகிறது. அழுத்தம் சரிந்ததும் சுற்றியுள்ள செல்களில் இருந்து தண்ணீர் பால்குழாய்க்குள் பாய்கிறது. ஆகவே பால் போகப் போகக் கொஞ்சம் நீர்த்துவிடும். தண்ணீர் இவ்வளவு வேகமாகக் கொழுப்பைக் கடக்க முடியுமா என்றால் முடியாது. அதற்கென்று சவ்வில் துளைப்புரதங்கள் இருக்கின்றன: அக்குவாபோரின்கள். பீட்டர் ஆக்ரே 1992-ல் மனிதச் சிவப்பணுவில் இருந்து எடுத்த ஒரு புரதத்துக்கு இந்த வேலை இருப்பதை நிரூபித்தார், 2003-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒரே துளை வழியாக ஒரு நொடியில் சுமார் 300 கோடி தண்ணீர் மூலக்கூறுகள் போகும். தண்ணீரை விடும் அதே துளை, அதைவிடச் சின்ன ஹைட்ரஜன் அயனியை விடாது. பால் மரத்தின் குழாய்ச் சவ்விலும் இப்படிப்பட்ட துளைகள் உண்டு.

அப்படியானால் பால் ஏன் நின்றுவிடுகிறது? பாலுக்குள் ரப்பர்த் துகள்களோடு லூட்டாய்டு என்ற நுண்ணிய பைகளும் மிதக்கின்றன. அவற்றுக்கும் சொந்தமாகச் சவ்வு உண்டு, உள்ளே அமிலம், மக்னீசியம், ரப்பர்த் துகள்களை ஒட்டவைக்கும் ஹெவெயின் என்ற புரதம். பால் ஓடும்போது ஏற்படும் உரசலும், நீர்த்துப்போன பாலில் இருந்து பைக்குள் நுழையும் தண்ணீரும் சேர்ந்து இந்தப் பைகளை உடைத்துவிடுகின்றன. சிவப்பணு வெறும் தண்ணீரில் வெடித்த அதே விதிதான். சுவர் இல்லாத பை, வெளியே நீர்த்த கரைசல், வெடிக்காமல் என்ன செய்யும்? உள்ளே இருந்தது கொட்டியதும் துகள்கள் திரண்டு, அறுபட்ட குழாயின் வாயை அடைக்கின்றன. வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தவர்கள் கையில் எடுத்ததில் இந்த வேலையும் இருக்கிறது. மரத்துக்கு இது நம் ரத்தம் உறைகிற மாதிரி, காயத்தை அடைக்கும் ஏற்பாடு. நமக்குத்தான் பால் நின்றுவிட்டதே என்ற கவலை.

வாசல் வேண்டியவர்கள்

குளுக்கோஸ் கொழுப்பைக் கடக்க முடியாது என்று பார்த்தோம். அதற்குச் சவ்வில் கடத்திப் புரதங்கள் இருக்கின்றன. குளுக்கோஸ் வந்து பொருந்தியதும் புரதம் தன் உருவத்தை மாற்றி மறுபக்கம் திறக்கும். செறிவு அதிகமான பக்கத்தில் இருந்து குறைவான பக்கத்துக்கே போவதால் இதற்கும் செலவில்லை. எளிதாக்கிய பரவல் என்று இதற்குப் பெயர். ஆனால் சாதாரணப் பரவலில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: வாசல்களின் எண்ணிக்கைக்கு மேல் வேகம் கூடாது. செறிவை எவ்வளவு ஏற்றினாலும் ஒரு கட்டத்துக்குமேல் வரைபடம் தட்டையாகிவிடும். தேர்வில் இந்த வரைபடம் வந்தால் தயங்காமல் கடத்திப் புரதம் என்று எழுதலாம்.

இனிப்புநீர், அதாவது நீரிழிவு, இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு, ஆகவே இதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். தசைச் செல்களிலும் கொழுப்புச் செல்களிலும் குளூட்-4 என்ற வாசல் எப்போதும் சவ்வில் நிற்பதில்லை. பெரும்பாலும் செல்லுக்குள் குட்டிப் பைகளில் காத்திருக்கும். சாப்பிட்டபிறகு இன்சுலின் வந்து சொன்னால்தான் பைகள் சவ்வோடு சேர்ந்து வாசல்கள் மேலே வரும். இரண்டாம் வகை இனிப்புநீரில் இன்சுலின் சொல்வது செல்லுக்குச் சரியாகக் கேட்பதில்லை. வாசல் மேலே வராது, சர்க்கரை ரத்தத்திலேயே தங்கும். நடைப்பயிற்சிக்கு டாக்டர் வற்புறுத்துவதில் விஷயம் இருக்கிறது: தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் சொல்லாமலே குளூட்-4 மேலே வருகிறது.

காசு கொடுத்துச் செய்யும் வேலை

இதுவரை பார்த்தது எல்லாமே சமமாகும் திசையில் போனது. அப்படியே விட்டால் எல்லா வித்தியாசமும் தீர்ந்துபோகும். ஆகவே சமத்துக்கு எதிராகத் தள்ள ஆள் வேண்டும். நம் செல்களில் அந்த வேலையைச் செய்வது சோடியம்-பொட்டாசியம் பம்பு. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ 1957-ல் நண்டின் கால் நரம்பை வைத்து இதைக் கண்டுபிடித்தார். நாற்பது வருடம் கழித்து 1997-ல் நோபல் பரிசு வந்தது.

செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது இந்தப் பம்பு. விளைவு, செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு சுமார் 140 மில்லிமோல், வெளியே நாலைந்து. சோடியம் நேர்மாறாக வெளியே 140-க்கும் மேல், உள்ளே 10, 12. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உடம்பு செலவழிக்கும் ஏடிபியில் சுமார் கால்பங்கு இந்த ஒரு வேலைக்குப் போகிறது. ரத்த வங்கியில் குளிரில் வைத்த ரத்தப் பையில் பம்பு மந்தமாகிவிடும். நாளாக ஆகச் சிவப்பணுவின் பொட்டாசியம் கசிந்து வெளியே சேரும். வித்தியாசம் தானாக நிற்பதில்லை என்பதற்கு அந்தப் பையே சாட்சி.

இவ்வளவு செலவழித்துச் சோடியத்தை ஏன் வெளியே சேர்க்க வேண்டும்? அது திரும்ப உள்ளே வரத் துடிக்கும். அந்தத் துடிப்பை வைத்து வேறு வேலை வாங்கலாம். சிறுகுடல் செல்லில் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். சோடியம் தன் சரிவில், அதாவது அதிகமான பக்கத்தில் இருந்து குறைவான பக்கத்துக்கு, இறங்கும்போது குளுக்கோஸைச் சரிவுக்கு எதிராகக்கூட இழுத்துக்கொண்டு வந்துவிடும். 1960-ல் ராபர்ட் கிரேன் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் இந்த யோசனையைச் சொன்னார்.

கிளினிக்கில் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் பாக்கெட் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, குளுக்கோஸ் தூள்) இதே கதவைத்தான் பயன்படுத்துகிறது. காலராவில்கூட இந்தக் கடத்தி கெட்டுப்போவதில்லை. உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து உள்ளே போகும், பின்னாலேயே ஆஸ்மோசிஸால் தண்ணீரும் போகும். 2002-ல் உலகச் சுகாதார நிறுவனம் மாற்றி அமைத்த அளவின்படி ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். கணக்குப் போட்டால் குளுக்கோஸும் சோடியமும் ஆளுக்கு 75 மில்லிமோல், ஜோடிக்கு ஜோடி. 1971-ல் வங்கதேசப் போரின்போது பன்கான் அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் இப்படிப்பட்ட கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். 30 விழுக்காடு வரை இருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் கடையில் விற்கும் இனிப்புச் சோடாவை வாங்கிக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சீனி அதிகம், உப்பு சொற்பம். குடலுக்குள் சீனி தேங்கினால் தண்ணீரை அது தன் பக்கம் இழுக்கும், போக்கு கூடும். பாக்கெட்டையே கரைத்துக் கொடுங்கள், அதிலும் சொன்ன அளவுத் தண்ணீரில்.

செடிகொடிகளில் சோடியத்தின் இடத்தில் ஹைட்ரஜன் அயனி இருக்கிறது. பம்பு ஏடிபியைச் செலவழித்து அதை வெளியே தள்ளும். அது திரும்ப வரும்போது சர்க்கரையைக் கூட்டிவரும். பால் மரத்துக்கு இது உயிர்நாடி. மற்றச் செல்களுக்கு இடையே சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் நுண்ணிய இணைப்புகள் இருக்கும், முதிர்ந்த பால்குழாய்க்கும் பக்கத்துச் செல்லுக்கும் இடையே அது இல்லை. ரப்பர் செய்ய வேண்டிய சர்க்கரை முழுவதும் சவ்வைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். இன்று வெட்டினால் நாளை ஓய்வு கொடுப்பது, ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டுவது எல்லாம் இந்தச் சர்க்கரை உள்ளே வந்து ரப்பராக மாறுவதற்கான அவகாசம்தான்.

தோட்டத்தில் 'மருந்து பூசுவது' என்பார்களே, அந்த எத்ரலும் இங்கேதான் கைவைக்கிறது. அதில் இருந்து எத்திலீன் வாயு வெளிவரும். பால்குழாயில் தண்ணீர்த் துளைகளும் சர்க்கரைக் கடத்திகளும் கூடும், லூட்டாய்டுகள் சீக்கிரம் உடையாது, பால் நெடுநேரம் ஓடும். அளவு மீறிப் பூசினால் பட்டை காய்ந்து பால் வராமலே போய்விடும். உள்ளே வருவதைவிட அதிகம் எடுத்தால் வேறென்ன நடக்கும்?

மூட்டையாகப் போவது

புரதம், கிருமி போன்ற பெரிய சரக்குக்குத் துளையும் போதாது, கடத்தியும் போதாது. சவ்வே உள்நோக்கி மடிந்து பையாகக் கிள்ளி எடுத்துக்கொள்ளும். வெள்ளணு கிருமியை விழுங்குவது அப்படித்தான். நேர்மாறாகப் பை சவ்வோடு சேர்ந்து சரக்கை வெளியே கொட்டுவதும் உண்டு. கணையம் இன்சுலினை விடுவது அந்த வழியில். இரண்டுக்கும் ஏடிபி செலவு. தேர்வுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

வாசலும் பம்பும் இல்லாத சவ்வு

இத்தனையும் இல்லாத ஒரு சவ்வைப் பார்க்க வேண்டுமானால் சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை இயந்திரத்தால் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் மையத்துக்குப் போகலாம். 1943-ல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் சாசேஜ் சுற்றும் செல்லோஃபேன் குழாயை வைத்து இதைத் தொடங்கினார். இப்போது ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் அடைத்த ஒரு குழாய். குழலுக்குள் ரத்தம், வெளியே எதிர்த்திசையில் டயாலிசிஸ் நீர். யூரியாவும் பொட்டாசியமும் வெறும் பரவலால் வெளியே போகும். எதிரெதிராக ஓடவிடுவது வழி முழுக்க வித்தியாசம் குறையாமல் இருப்பதற்காக. சோடியம் உடம்பில் இருக்கும் அளவை ஒட்டியே அந்த நீரிலும் இருக்கும், இல்லாவிட்டால் அதுவும் கொட்டிப் போய்விடும். நல்ல சிறுநீரகம் பம்பு வைத்துப் பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. இயந்திரத்துக்கு அந்தக் கை இல்லை, ஆகவே நீரைக் கலப்பதிலேயே கணக்காக இருக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் படுக்க வேண்டியிருப்பதற்குப் பரவலின் மெதுவான போக்கும் ஒரு காரணம்.

பொட்டாசியத்தில் இன்னொரு சங்கடம். உடம்பில் இருக்கும் பொட்டாசியத்தில் நூற்றுக்கு 98 பங்கு செல்களுக்குள் இருக்கிறது, எல்லாம் அந்தப் பம்பின் வேலை. இயந்திரம் தொடுவது வெளியே இருக்கும் இரண்டு பங்கை மட்டும். சிகிச்சை முடிந்த கையோடு ரத்தத்தில் அளவு இறங்கியிருக்கும். அடுத்த சில மணி நேரத்தில் செல்களுக்குள் இருந்து வந்து மறுபடி கொஞ்சம் ஏறிவிடும். அதனால்தான் பொட்டாசியம் நிறைந்த டுரியான் பழத்தின் பருவம் வந்தால் தாதி எடை பார்ப்பதற்கு முன்னாலேயே "ஐயா, நேத்து எத்தனை சுளை?" என்று கேட்டுவிடுகிறார்.